மலையை வெட்டுபவர் மலையைத் திருத்தித் தர வேண்டும்

(கண்டியில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், தலைவிகள் கூட்டத்தில், எமது சங்க அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்ன விடயம் கற்குவாரி. சம்பளம், சந்தா, வீட்டுத் திட்டம் என்று பேசவேண்டிய மேடையில் கல்லைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் கடந்த சில மாதங்களில் காரியாலயத்துக்கு வந்த முறைப்பாடுகளைப் பாருங்கள். "மேல் மலையில் பெக்கோ வேலை செய்கிறது, பீலித் தண்ணீர் கலங்கி வருகிறது." "வெடி வைத்த அன்று காம்பரா சுவர் வெடித்துவிட்டது." "கல் எடுத்துவிட்டுப் போன குழியில் தண்ணீர் நிற்கிறது, பிள்ளைகள் குளிக்கப் போகிறார்கள்." நாம் குடியிருக்கும் மலையைப் பற்றிய முறைப்பாடுகள் இவை. மலை நிற்கவில்லை என்றால் சம்பளத்தை வாங்கி எந்த வீட்டுக்குக் கொண்டு போவது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கம் கல்லுக்கு எதிரி இல்லை. நமக்கு வேண்டிய தனி வீட்டின் அத்திவாரத்துக்கும் கல் வேண்டும், தோட்டத்துப் பாதைக்கும் கல் வேண்டும். நம் வீட்டுப் பையன்கள் பலர் குவாரியில் வேலை செய்து குடும்பம் நடத்துகிறார்கள். கல் எடுப்பதா வேண்டாமா என்பதல்ல இன்றைய பேச்சு. எடுப்பதற்கு யார் அனுமதி கொடுத்தது? எந்த எல்லை வரைக்கும்? எடுத்து முடிந்த பிறகு அந்த நிலத்தை யார், யார் பணத்தில் திருத்தித் தருவது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் எந்த மலையிலும் இயந்திரம் ஏறக்கூடாது என்பதே நம் நிலைப்பாடு.

இந்தக் கேள்விகளை உலகத்தில் அதிகம் கேட்டவர்கள் நிலக்கரி எடுக்கும் ஊர்களில் வாழ்ந்தவர்கள். நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆனால் நாம் வீட்டில் எரிக்கும் மின்குமிழில் நிலக்கரியும் சேர்ந்து எரிகிறது. நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. அதற்குரிய கரி முழுவதும் கப்பலில் வருகிறது. நமக்கு வெளிச்சம் வர வேறெங்கோ ஒரு நிலம் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனால் கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி. 1956இல் நிறுவனம் தொடங்கி, 1961இல் முதல் பழுப்பு நிலக்கரியை வெளியே கண்டார்கள். இது திறந்தவெளிச் சுரங்கம். பூமிக்குள் சுரங்கப் பாதை வெட்டுவதில்லை. மேலே இருக்கும் மண் முழுவதையும் அள்ளி ஒதுக்கிவிட்டுக் கரியை எடுப்பார்கள். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருப்பதால் இரவு பகலாக அந்த நீரையும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. நிலம் கொடுத்த கிராமங்களின் கணக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

2023 ஜூலையில் அங்கே வளையமாதேவி என்ற ஊரில் நடந்ததைப் பலர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். பச்சையாக நின்ற நெல் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டும் வேலை. நிறுவனத்தின் தரப்பில் சொன்னது, இந்த நிலத்தை 2006 முதல் 2013 வரையான காலத்திலேயே எடுத்துவிட்டோம் என்பது. உழவர்கள் அதன் பிறகும் பத்து வருடமாக அதே நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். கடதாசியில் நிலம் போய்விட்டது, கண்ணுக்கு முன்னால் நிலம் இருந்தது. விடயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான். இயந்திரம் வருவதற்குப் பல காலம் முன்பே கடதாசி வந்துவிடும். பெக்கோ ஏறிய அன்று பாதையை மறித்து நிற்பது வீரம்தான். ஆனால் அன்றைக்கு நம் கையில் பாதி பலம் போய்விட்டது. கடதாசி நகரும்போதே நாம் எழுந்திருக்க வேண்டும்.

கடதாசி நகரும்போதே எழுந்தவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவல. அந்த ஊர்ப் பெயர் உங்களுக்குப் புதிது இல்லை. தேயிலைக்கு நாம் போடும் உரத்தில் சேரும் பொஸ்பேற் கல் அங்கிருந்துதான் வருகிறது. 1990களின் கடைசியில் அந்தப் படிவத்தைப் பெரிய அளவில் தோண்டி எடுக்க வெளிநாட்டுக் கம்பனியோடு அரசாங்கம் உடன்படிக்கை செய்யப் போனது. ஆயிரக்கணக்கான மக்கள் ஊரை விட்டுப் போகவேண்டி வரும் என்ற நிலை. பழைய குளங்களும், ஜயகங்கை என்ற புராதன கால்வாயும் கெடும் என்ற பயம். ஊர் விவசாயிகளும் விகாரையின் பிக்குவும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2000 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. முழுமையான ஆய்வு செய்து, சட்டப்படி சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு செய்து அனுமதி பெறாமல் உடன்படிக்கையில் கையெழுத்திடக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. இயற்கை வளத்தை மக்களுக்காகப் பாதுகாத்து வைத்திருப்பதே அரசாங்கத்தின் பொறுப்பு என்றும் சொன்னது.

வழக்குப் போட்டவர்கள் பணக்காரர்கள் இல்லை. அவர்களும் கமம் செய்து சாப்பிடுகிறவர்கள். பெரிய கம்பனியும் அரசாங்கமும் சேர்ந்து வந்தாலும் சட்டத்தில் எழுதிய படியைத் தாண்ட முடியாது என்று அவர்கள் நிரூபித்தார்கள். இது இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடத்தைச் சொல்வது எனக்குக் கஷ்டம். நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். பிரித்தானியாவில் வேல்ஸ் நாட்டில் அபர்வன் என்று ஒரு சுரங்கத் தொழிலாளர் ஊர். சுரங்கத்திலிருந்து எடுத்த கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில் மலைபோலக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியல்களில் ஒன்று ஊற்றுத் தண்ணீர் ஓடும் இடத்தின் மேல் இருந்தது. 1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை, காலை 9.15. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த நேரம். குவியல் சரிந்து பாடசாலைக்கு மேல் வந்தது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் பிள்ளைகள்.

இந்த ஆபத்தைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்பே, 1963இல், பாடசாலைக்குப் பின்னால் கழிவு கொட்டுவது ஆபத்து என்று உள்ளூராட்சி சபையிலிருந்து கடிதம் போயிருக்கிறது. கடிதம் கோப்புக்குள் இருந்தது. குவியல் மலையில் இருந்தது. விசாரணை நடத்தியவர்கள் தேசிய நிலக்கரிச் சபையைத்தான் குற்றவாளி என்றார்கள். அதன் பிறகு மிச்சக் குவியலை அகற்றுவதற்குக்கூட, பிள்ளைகளை இழந்த மக்களுக்காக உலகம் கொடுத்த நிதியிலிருந்து 150,000 பவுண் எடுக்கப்பட்டது. அந்தப் பணம் திரும்பி வர 1997 ஆனது.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வருகிறது என்று எனக்குத் தெரியும். கொஸ்லந்தை, மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29. அதுவும் காலை நேரம். லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே குவாரி காரணம் இல்லை, மழையும் மலையும்தான். ஆனால் எச்சரிக்கை அங்கேயும் இருந்தது. 2005இலேயே அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. போவதற்கு வேறு வீடு கொடுக்கப்படவில்லை, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை எப்படி இறங்கியது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலர் மண்வெட்டியோடு நின்றவர்கள்.

சாதாரண மழைக்கே இப்படி என்றால், அதே சரிவில் அடிவாரத்தைக் கல்லுக்காக வெட்டி, வெடி வைத்து, கழிவு மண்ணை ஓடைப் பக்கம் தள்ளினால் என்ன ஆகும்? மலைச்சரிவின் அடியில் இருக்கும் மண்தான் மேலே இருப்பதைத் தாங்கிப் பிடிக்கிறது. லயத்துக்குப் பின்னால் வங்கியின் அடியை யாராவது தோண்டினால் நம் வீட்டுக் கிழவிகூடச் சத்தம் போடுவாள். குவாரியில் நடப்பதும் அதேதான். அளவு மட்டும் பெரியது.

நான்காவது பாடம் பணத்தைப் பற்றியது. அபர்வன் இருக்கும் அதே மேர்தர் டிட்வில் நிர்வாகப் பிரிவில் ஃபோஸ் அ வ்ரான் என்று ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம். 2005இல் அனுமதி கொடுத்தபோது அதற்கு வைத்த பெயரே நிலச் சீரமைப்புத் திட்டம். பழைய சுரங்கங்களால் கெட்டுப்போன நிலத்தில் கரியையும் எடுத்துவிட்டு, கடைசியில் பச்சை மலையாகத் திருத்தித் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2022 செப்டெம்பரில் அனுமதிக் காலம் முடிந்தது. அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் கரி எடுத்தார்கள். 2023 நவம்பர் கடைசியில்தான் நிறுத்தினார்கள். அதன் பிறகு பார்த்தால், சீரமைப்புக்கென்று ஒதுக்கி வைத்த பணம் சுமார் 15 மில்லியன் பவுண். வாக்குக் கொடுத்தபடி நிலத்தைத் திருத்த அதைப்போலப் பல மடங்கு வேண்டும். பெரிய குழியும் அதில் தேங்கிய தண்ணீரும் மிச்சம். கம்பனியிடம் பணம் இல்லை என்ற பேச்சு.

இது பிரித்தானியாவில். சட்டமும், அதிகாரிகளும், பத்திரிகைகளும் பலமாக இருக்கும் நாட்டில். "முடிந்த பிறகு திருத்தித் தருகிறோம்" என்ற வாக்கை வைத்து நிலத்தைக் கொடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இலாபம் வரும் காலத்திலேயே சீரமைப்புப் பணத்தை வாங்கி வைக்க வேண்டும். குழி பெரிதாகப் பெரிதாக அந்தப் பணமும் கூட வேண்டும். ஒரு பகுதி கல் எடுத்து முடிந்ததும் அந்தப் பகுதியைத் திருத்திவிட்டே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

சரி, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? பயப்படாமல் கேளுங்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம். இதன்படி நிலம் யாருடையதாக இருந்தாலும் நிலத்துக்குள் இருக்கும் கனிமம் குடியரசுக்குச் சொந்தம். புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கல், மணல், மண் எதையும் வியாபாரத்துக்காகத் தோண்ட முடியாது. ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். குவாரியின் அளவையும் வெடி வைக்கும் முறையையும் பொறுத்து அனுமதிப்பத்திரம் ஏ, பி, சி, டி என்று வகை பிரிக்கப்படுகிறது. நிலத்தைச் சீரமைப்பது அனுமதிப்பத்திரக்காரரின் பொறுப்பு. அதற்கு உத்தரவாதமாகப் பிணைப்பணம் வைக்கவும் வேண்டும். இரத்தினக்கல் தோண்டுவதற்குத் தனி அதிகாரசபை. அங்கேயும் குழியை மூடுவதற்கென்று வைப்புப் பணம் கட்ட வேண்டும்.

அடுத்து 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். அதன் கீழ் 1993 ஜூன் 24இல் வந்த வர்த்தமானியில் சுற்றாடல் அங்கீகாரம் பெறவேண்டிய திட்டங்களின் பட்டியல் இருக்கிறது. மேற்பரப்பில் 10 ஹெக்டேயருக்கு மேல் தோண்டினால் அது பட்டியலில் வரும். 25 மீற்றருக்கு மேல் ஆழம் போனாலும் வரும். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம்: குடியிருப்புப் பகுதியிலிருந்து 1 கிலோமீற்றருக்குள் இயந்திரம் கொண்டு கல், சுண்ணக்கல், பளிங்குக்கல் எடுப்பதும் பட்டியலில் இருக்கிறது. லயம் குடியிருப்பு இல்லையா? நூற்றைம்பது வருடமாகக் குடியிருக்கிறோம். லயத்திலிருந்து 1 கிலோமீற்றர் என்பதைத் தோட்டத்துக் கணக்கில் சொன்னால் இரண்டு மூன்று மலைதான். அதற்குள் இயந்திரக் குவாரி வந்தால் "சுற்றாடல் அங்கீகாரம் எங்கே?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

முழுமையான சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு தேவைப்படும் திட்டம் என்றால், வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும். அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அந்த அறிவித்தல் பத்திரிகையின் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் வரும். நம் ஆட்களில் ஒருவராவது அதைப் பார்க்கவில்லை என்றால் அந்த 30 நாள் ஓடிவிடும்.

இங்கே ஒரு அண்ணன் கேட்டார், "நமக்கு உறுதி இல்லையே மாஸ்டர், காணி நம்முடையது இல்லையே, நாம் எப்படி எதிர்ப்பது?" என்று. நியாயமான கேள்வி. பெரும்பாலான தோட்டக் காணி அரசாங்கத்தினுடையது. 1992க்குப் பிறகு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. கண்டி, மாத்தளைப் பக்கம் ஜனவசம, எல்கடுவ, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்று அரசாங்கமே நடத்தும் தோட்டங்களும் உண்டு. ஆகவே குவாரிக்குக் காணி கேட்பவர் போய்ப் பேசுவது கொழும்பில். கையெழுத்து விழுவதும் அங்கே. கல் விழுவது மட்டும் நம் கூரையில். உறுதி உள்ளவன் வீட்டுக்குப் பக்கத்தில் குவாரி வந்தால் அவனிடம் சம்மதம் கேட்கிறார்கள். நாம் நாலு தலைமுறை இருந்தும் அயலவர் கணக்கில் வருவதில்லை. வீட்டுக்காணி உறுதிக்காக நாம் நடத்தும் போராட்டமும் இதுவும் வேறு வேறு இல்லை.

ஆனாலும் அண்ணனுக்கு என் பதில் இது. கருத்துச் சொல்வதற்கு உறுதி தேவையில்லை. சுற்றாடல் அறிக்கை மீது பொதுமக்களில் யாரும் எழுதலாம். தகவல் கேட்பதற்கும் உறுதி தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தில் பிரஜையாக இருந்தால் போதும், ஏன் கேட்கிறாய் என்று கேட்கக்கூட முடியாது. கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழு உண்டு. நம் தாத்தாமார் பிரஜாவுரிமைக்காக எத்தனை வருடம் அலைந்தார்கள்! 2003இல் வந்த சட்டத்தோடுதான் அந்தக் கதை முடிந்தது. அப்படி வாங்கிய உரிமையை அடையாள அட்டையோடு பெட்டியில் பூட்டி வைக்கக்கூடாது. தமிழ் அரசகரும மொழி. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம்.

இப்போது சீரமைப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். அதிகாரிகள் வந்து ஆங்கில வார்த்தைகளைச் சொல்லும்போது நாம் வாயடைத்துப் போய்விடுகிறோம். ஆனால் இந்த அறையில் இருப்பவர்களைவிட நிலத்தைத் திருத்தத் தெரிந்தவர்கள் யார்? பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடுவதற்கு முன் என்ன செய்கிறோம்? கான் வெட்டுகிறோம். குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ வைத்து ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணை ஆற விடுகிறோம். புல்லை வெட்டி வெட்டி மண்ணுக்கே போடுகிறோம். அதற்குப் பிறகுதான் கன்று. கவ்வாத்துக் காலத்தில் மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் தூவுகிறோம். இதெல்லாம் நிலச் சீரமைப்பு இல்லாமல் வேறென்ன? கோப்பிக் காலத்திலும் தேயிலை தொடங்கிய காலத்திலும் காட்டை மொட்டையடித்து மேல்மண் ஆற்றோடு போனது. அந்த மண் அரிப்பைப் பற்றி 1931இலேயே ஒரு குழு அறிக்கை கொடுத்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் சொன்ன கானையும் கல்லணையையும் மலையில் கட்டியது நம் பாட்டன் பாட்டியின் கைகள்.

ஆகவே குவாரிக்காரரிடம் கேட்க வேண்டியதை நம் வேலையை வைத்தே கேட்கலாம். முதலில் வெட்டும் மேல்மண்ணைத் தனியாக, ஓடைக்குத் தூரத்தில், புல் மூடிக் குவித்து வைத்தீர்களா, அல்லது கழிவோடு தள்ளிவிட்டீர்களா? மேல்மண் போய்விட்டால் பிறகு எந்த மரமும் பிடிக்காது. கல் முகத்தைச் செங்குத்தாக விடாமல் படிபடியாக வெட்டுகிறீர்களா? மழைத் தண்ணீர் இறங்கக் கானும், சேறு தங்க மண்குழியும் எங்கே? தூள் பறக்காமல் தண்ணீர் அடிக்கிறீர்களா? குழியைச் சுற்றி வேலி எங்கே? முடிந்த பிறகு எந்த மண்ணால் நிரப்புவீர்கள், என்ன நடுவீர்கள், எத்தனை வருடம் பராமரிப்பீர்கள்? "நூறு மரம் நட்டோம்" என்று படம் எடுத்துப் போட்டால் சீரமைப்பு ஆகிவிடாது. கன்று நட்ட பிறகு மூன்று வருடம் களை பிடுங்கி, காலி இடம் பார்த்து மறுநடவு செய்தால்தான் மலை வரும் என்பது நமக்குத் தெரியும்.

டொலமைட் என்றேன். கண்டியிலிருந்து திகன, குண்டசாலைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த வெள்ளைக் கல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நம் தேயிலை பசுமையாக இருப்பதற்கு அந்த ஊர்க்காரர்களின் நிலம் தோண்டப்படுகிறது. 2020 ஆகஸ்ட் 29ஆம் திகதி இரவு திகன, ஹாரகம, மயிலபிட்டியப் பகுதிகளில் நிலம் அதிர்ந்தது. அதற்குப் பிறகும் சில தடவை அதிர்ந்தது. நான் அதிர்வுக்குக் காரணம் சொல்ல வரவில்லை, அது விஞ்ஞானிகளின் வேலை. ஆனால் அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே ஓடிவந்த சிங்கள, முஸ்லிம், தமிழ் மக்கள் எல்லாரும் சுண்ணக்கல் குவாரியா, விக்டோரியா நீர்த்தேக்கமா என்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். குவாரிப் பிரச்சினையில் நாம் தனியாக இல்லை. பக்கத்துக் கிராமத்து மக்களின் கிணறும் நம் பீலியும் ஒரே மலையிலிருந்துதான் வருகின்றன. முதல் கூட்டத்துக்கே விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் கிராமிய சங்கத்துக்கும் சொல்லி அனுப்புங்கள்.

குவாரியில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சங்கம் வந்து குவாரியை மூடிவிடும், உன் வேலை போய்விடும்" என்று அவர்களை நமக்கு எதிராகத் திருப்பப் பார்ப்பார்கள். அவர்களும் தொழிலாளர்கள். கல்தூள் நுரையீரலில் படிந்தால் திரும்பப் போகாது. முகக்கவசம் கொடுக்கிறார்களா? ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா, அல்லது நாட்கூலி என்று கையில் கொடுத்து அனுப்புகிறார்களா? விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று யாராவது சொன்னார்களா? அனுமதிப்பத்திரம் இல்லாத குவாரியில் செத்தால் அங்கே வேலை செய்ததையே மறுப்பார்கள். ஒழுங்கான குவாரி வேண்டும் என்று நாம் கேட்பது அவர்களுக்காகவும்தான். சீரமைப்பு வேலையும் வேலைதான். அந்த வேலையை உள்ளூர் ஆட்களுக்குச் சம்பளத்தோடு கொடு என்று கேட்போம்.

இனித் தோட்டத்துக்குப் போய் என்ன செய்யப் போகிறோம்? ஐந்து வேலை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் எல்லைக்குள்ளும் பக்கத்திலும் இருக்கும் குவாரிகளை, ஓடுவது, கைவிட்டது இரண்டையும், பட்டியல் போட வேண்டும். எந்தப் பிரிவு, எந்த மலை, லயத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பீலிக்கு மேலே என்று எழுதுங்கள்.

இரண்டு. ஓடும் குவாரிக்கு அனுமதிப்பத்திரத்தின் பிரதி, அதன் நிபந்தனைகள், முடிவுத் திகதி, பிணைப்பணத்தின் அளவு, சீரமைப்புத் திட்டம் ஆகியவற்றைக் கேட்டுத் தகவல் விண்ணப்பம் போட வேண்டும். சுரங்கப் பணியகத்துக்கு ஒன்று, மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று. மாதிரிக் கடிதம் காரியாலயத்தில் இருக்கிறது.

மூன்று. ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். வெடி வைத்த திகதி, நேரம், எத்தனை வெடி, கல் எங்கே வந்து விழுந்தது, பீலித் தண்ணீர் எப்போது கலங்கியது என்று எழுதுங்கள். சுவர் வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி, அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி எடுங்கள். "எங்கள் சுவர் வெடித்துவிட்டது" என்பது முறைப்பாடு. திகதி போட்ட இரண்டு படம் சாட்சி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதை அழகாகச் செய்வார்கள்.

நான்கு. மலையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று வந்த ஊற்று, திடீரென்று நின்ற ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். அபர்வனிலும் மீரியபெத்தையிலும் எச்சரிக்கை இருந்தது, அதைப் பின்தொடர்ந்து போக ஆள் இல்லை. முதல் கடிதத்துக்கு இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம். அதற்கும் வராவிட்டால் மாவட்டச் செயலகத்துக்கு நாமே பஸ் பிடித்துப் போவோம். மழை பெரிதாகி, வெளியேறச் சொன்னால் பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியேறுங்கள். உயிர் முதல்.

ஐந்து. கைவிட்ட குழிகளை விட்டுவிடாதீர்கள். நான் படிப்பிக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. வேலி இல்லை. மழைக்கு நிறைந்து பச்சைத் தண்ணீராக நிற்கும். விடுமுறை விட்டால் பையன்கள் அங்கேதான். நுளம்பும் அங்கேதான். கல் எடுத்தவர் யாரென்று கேட்டால் எல்லாருக்கும் மறந்துவிட்டது. அப்படிப்பட்ட குழிகளுக்கு முதலில் வேலியும் பலகையும், பிறகு மூடுவதற்குப் பணமும் கேட்டு, பிரதேச சபையில் நம் உறுப்பினர்கள் பிரேரணை கொண்டுவர வேண்டும். பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்ற பழைய சாக்கு 2018 திருத்தத்தோடு போய்விட்டது.

இன்றைய கூட்டத்தில் தீர்மானமாக எடுக்கும்படி மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். தோட்டக் காணியில் குவாரிக்கு அனுமதி கொடுக்கும் முன், உறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே குடியிருக்கும் குடும்பங்களைக் கூட்டித் தமிழில் விளக்கி, அவர்களுடைய கருத்தை எழுத்தில் பெற வேண்டும். லயத்துக்கும் பாடசாலைக்கும் பிள்ளை மடுவத்துக்கும் மேலே உள்ள சரிவில், கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் எந்தக் கல்லையும் எடுக்கக்கூடாது. பிணைப்பணம் உண்மையான சீரமைப்புச் செலவுக்குச் சமமாக இருக்க வேண்டும்; நிலம் திருந்தியது என்று தோட்டக் கமிட்டியும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளில் நடக்க முடியாதது எதுவும் இல்லை. நாம் முள்ளு குத்தி, கான் வெட்டி, புல் வைத்து, ஒன்றரை நூற்றாண்டாக இந்த மலைகளைப் பிடித்து வைத்திருக்கிறோம். அதே கவனத்தை மலையிலிருந்து இலாபம் எடுக்கிறவரும் காட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டமும் அந்தக் குவாரிப் பட்டியலைக் கொண்டுவர வேண்டும். பட்டியல் வராத தோட்டத்துக்கு நானே ஞாயிற்றுக்கிழமை வந்து உங்களோடு மலை ஏறிப் பார்ப்பேன். தேநீர் மட்டும் கொடுத்தால் போதும்.